மானியக் கடிதம் கையில், தாலிக்கொடி அடகுக் கடையில்!

அரசாங்க மானியம் கிடைத்துவிட்டது என்று கடிதத்தைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளும் நம் சிறுதொழில்காரர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கடிதத்தில் உள்ள நிபந்தனையைப் படித்திருக்கிறீர்களா? பல மானியங்களில் அது ஒன்றேதான்: முதலில் உன் காசைப் போட்டுச் செலவு செய், ரசீதைக் கொண்டு வா, பிறகு தருகிறோம்.

மெட்ரேட் வழங்கும் சந்தை மேம்பாட்டு மானியம் அப்படிப்பட்டதுதான். 2020 வரவு செலவுத் திட்டத்தில் அதன் உச்சவரம்பை 300,000 ரிங்கிட்டாக உயர்த்தினார்கள். கைதட்டினோம். ஆனால் வெளிநாட்டுக் கண்காட்சியில் கடை போடும் வாடகையையும் விமானச் சீட்டையும் முதலில் யார் கட்டுவது? நீங்கள்தான்!

கிள்ளானில் மசாலாத்தூள் அரைத்து விற்கும் ஒருவர் 20,000 ரிங்கிட் செலவு செய்துவிட்டு ஆறு மாதம் காத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனைவியின் நகையை அடகு வைத்தால், சட்டம் அனுமதிக்கும் உச்ச வட்டி மாதம் 2 விழுக்காடு. ஆறு மாதத்தில் 2,400 ரிங்கிட். உரிமம் பெற்ற வட்டிக்காரரிடம் பிணையின்றி வாங்கினால் ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை, அதாவது 1,800. ஆலோங்கிடம் போய் மாதம் பத்து விழுக்காட்டுக்கு வாங்கினாலோ 12,000! மானியத்தில் பாதிக்கு மேல் அவன் பைக்குள். அரசாங்கம் நமக்குக் கொடுத்ததா, ஆலோங்குக்குக் கொடுத்ததா?

வங்கிக்குப் போகலாமே என்பார் அதிகாரி. அவருக்கென்ன, சம்பளம் மாதம் தவறாமல் வருகிறது. தற்காலிக நில உரிமத்தில் காய்கறி போடும் விவசாயி எதைக் கொண்டுபோய்ப் பிணை வைப்பது? தேசிய நிலச் சட்டப்படி அந்த உரிமம் அதே ஆண்டின் இறுதியோடு முடிகிறது. அதை வேறொருவருக்கு மாற்றவும் முடியாது. தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்டு, கிடைத்த மூலையில் மாடு வளர்க்கும் நம்மவர்களுக்கு அந்தக் காகிதம்கூட இல்லை.

வழக்கறிஞன் என்ற முறையில் கேட்கிறேன். கட்டுமானக் குத்தகைக்காரருக்குப் பணம் தாமதமானால், 2012-ஆம் ஆண்டின் கட்டுமானத் துறை பணம் செலுத்துதல், தீர்ப்பளிப்புச் சட்டம் கைகொடுக்கிறது. அரசாங்கத்துக்குச் சரக்கு கொடுத்தவருக்கு, முழுமையான பில் கிடைத்த 14 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று கருவூல ஆணை 103 சொல்கிறது. அரசாங்கமே ஒப்புதல் தந்த மானியத்துக்காகச் செலவு செய்தவன் மட்டும் ஏன் கேட்பாரற்றுக் கிடக்க வேண்டும்?

இந்தியர்களுக்கு ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தெக்குனின் ஸ்பூமி இருக்கிறது. 2024-இல் அதற்குக் கூடுதலாக 30 மில்லியன் ரிங்கிட், பேங்க் ராக்யாட்டின் பிரீஃப்-ஐ திட்டத்துக்கு 50 மில்லியன் என்று அறிவித்தார்கள். அவை தொழிலை வளர்க்கும் கடன்கள். வர வேண்டிய அரசாங்கப் பணத்துக்காகக் காத்திருப்பவனுக்குத் தேவை வேறு: மூன்று மாதம், ஆறு மாதத்துக்கான குறுகிய காலக் கடன்.

வழி இருக்கிறது. அரசாங்கக் குத்தகைக் கடிதத்தை நம்பி எஸ்எம்இ வங்கி கடன் கொடுக்கிறதே! மானிய ஒப்புதல் கடிதத்தையும் அப்படி ஏற்கட்டும். வர வேண்டிய பணத்தை எழுத்து மூலம் இன்னொருவருக்கு உரிமை மாற்றிக் கொடுக்க 1956-ஆம் ஆண்டின் சிவில் சட்டம், 4(3)-ஆவது பிரிவு இடம் தருகிறது. தடையாக நிற்பது மானியக் கடிதங்களில் வரும் 'மாற்றத்தக்கதல்ல' என்ற வரி. அதைக் கடன் தரும் அரசாங்க அமைப்புகளுக்காவது தளர்த்துங்கள் என்று கேட்கிறோம். மானியத்தில் ஒரு பகுதியை முன்பணமாகத் தாருங்கள் என்கிறோம். மீதிக்கு அதே 14 நாள் கெடு வையுங்கள்!

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது: கோரிக்கைப் பாரத்தைக் கொடுக்கும்போது தேதியுடன் முத்திரை குத்திய நகலை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள். ஆவணம் குறைகிறது என்றால், எது குறைகிறது என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லை ஏற்க வேண்டாம். அந்த நகல்களோடு உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரைப் பாருங்கள். அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி.