லாரி டிரைவர்கள் எந்தக் கம்பெனியில் சேருவது?

லாரி ஓட்டும் தோழர்கள் ஒரு கம்பெனியை விட்டு மற்றொரு கம்பெனிக்குப் போவதென்பது நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் அன்றாடம் நடக்கின்ற காரியமாகும். ஆனால் எந்தக் கம்பெனிக்குப் போவது என்பதை அவர்கள் எதைக்கொண்டு தீர்மானிக்கின்றார்கள் என்று பார்த்தால் பெரும்பாலும் மூன்றே காரணங்கள்தான் தென்படுகின்றன. முதலாளி நம்முடைய ஆள் என்பது ஒன்று. சேருகின்ற நாளும் வண்டி நம்பரும் ராசியாய் இருக்கின்றன என்பது இரண்டு. கைநிறைய முன்பணம் கொடுக்கின்றார் என்பது மூன்று. இம்மூன்றில் ஒன்றாவது கூலியைப் பற்றியதா, வேலை நேரத்தைப் பற்றியதா, உயிர்ப் பாதுகாப்பைப் பற்றியதா என்று கேட்கின்றோம். ஒரு ஜதை மாடு வாங்குகிறவன்கூடப் பல்லைப் பிடித்துப் பார்த்து, ஏரில் பூட்டி நடக்கவிட்டுப் பார்த்துத்தான் பணத்தை எண்ணுகிறான். தன் உயிரையே கொண்டுபோய் ஒப்படைக்கின்ற இடத்தைப் பற்றி ஒரு டிரைவர் அவ்வளவுகூட விசாரிப்பதில்லையென்றால் அது எவ்வளவு பெரிய அநியாயம்?

முதலில் "நம்ம ஆள்" என்ற காரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரே ஜாதி, ஒரே ஊர், தூரத்து உறவு என்றால் முதலாளி மோசம் செய்யமாட்டார் என்பது நம்பிக்கை. நடப்பது என்ன? வேலைக்குக் கூப்பிடும்போது "தம்பி" என்கின்றார், "மாப்பிள்ளை" என்கின்றார். அப்படிக் கூப்பிட்ட பிறகு சம்பளம் எவ்வளவு என்று கேட்க வாய் வருமா? "நமக்குள் என்னப்பா கணக்கு?" என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. உறவு முறை என்பது கூலியைப் பேசாமல் இருப்பதற்கு ஒரு பூட்டாகவே பயன்படுகின்றது. டீசல் கணக்கில் பத்து லிட்டர் குறைந்தால் மாத்திரம் அந்தத் தம்பி அன்றைக்கே வெறும் டிரைவராகிவிடுகின்றான். ஜாதி ஒன்றாயிருப்பதால் முதலாளியின் லாபத்தில் டிரைவருக்குப் பங்கு வந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

அடுத்தது ராசி. நல்ல நாள் பார்த்து, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்து வண்டியை எடுக்கின்றார்கள். வண்டியின் ராசியைப் பார்க்கின்ற தோழர் அதன் எப்.சி. எந்தத் தேதியோடு முடிகிறதென்று பார்ப்பதில்லை. இதைப் பார்க்க ஜோசியரிடம் காலணாக் காசும் கொடுக்க வேண்டியதில்லை. சர்க்காரே நடத்துகின்ற எம்-பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் இன்சூரன்ஸ் உயிரோடிருக்கிறதா, எப்.சி. உண்டா என்பது இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும். டயர் வழுக்கையாய் இருந்தால் எந்த எலுமிச்சம்பழமும் பிரேக் பிடிக்காது.

நிற்க. இவ்விரண்டையும்விடக் கெட்டது முன்பணமேயாகும். வீட்டில் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு, பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளம் என்று ஏதோ ஒன்று வந்துவிடுகின்றது. அந்த நேரத்தில் எந்தக் கம்பெனி பணம் நீட்டுகிறதோ அதுவே நல்ல கம்பெனியாகப் படுகின்றது. அப்போது டிரைவர் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கவில்லை. கடன்தான் அவனுக்காகத் தேர்ந்தெடுக்கின்றது. அதன் பிறகு நடைக்கு நடை பிடித்தம் செய்யப்படும். கணக்கு முதலாளியின் நோட்டில்தான் இருக்கும். படி குறைவு என்று சொன்னால், "பணத்தை வைத்துவிட்டுப் போ" என்பார். சில இடங்களில் லைசென்ஸையே வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்வதும் உண்டு. ஆகவே முன்பணம் என்பது தருமமுமல்ல, உதவியுமல்ல. வேலையை விட்டு விலகும் உரிமைக்குக் கொடுக்கப்படுகின்ற விலையேயாகும். அந்த உரிமை போன பிறகு மற்ற எந்த உரிமையைப் பேசி என்ன பிரயோஜனம்?

இது நம்முடைய வெறும் ஆவேசப் பேச்சல்ல. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தைப் பாருங்கள். வாங்கிய முன்பணத்துக்காக ஒருவன் வேறிடத்தில் வேலை செய்யும் சுதந்திரத்தை இழக்கும்படியான ஏற்பாடும் கொத்தடிமை முறையில் சேர்ந்ததென்று அச்சட்டம் சொல்லுகின்றது. வயற்காட்டிலும் செங்கற்சூளையிலும் மாத்திரந்தான் கொத்தடிமை உண்டு, பதினாறு சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருப்பவனுக்கு அது கிடையாது என்று யாரும் எண்ணிக்கொள்ள வேண்டியதில்லை.

ஏழை நாட்டில் மாத்திரம் நடக்கின்ற காரியம் என்றும் இதை நினைக்கக்கூடாது. பணக்கார நாடாகிய அமெரிக்காவிலும் லாரிக் கம்பெனிகளில் சில, டிரைவருக்குச் சம்பளக்காரன் என்ற பெயரை எடுத்துவிட்டு "நீயே சொந்தத் தொழில் செய்கிறவன்" என்று பட்டம் கொடுத்து, லாரியை அவனுக்கே வாடகைக்கு விடுகின்றன. நியூ பிரைம் என்ற கம்பெனியின் மேல் அப்படிப்பட்ட ஒரு டிரைவர் வழக்குத் தொடுத்தார். பயிற்சியென்று கூலியில்லாமல் 10,000 மைல் ஓட்ட நேர்ந்ததாகவும், பிறகு லாரி வாடகையையும் மற்றதையும் பிடித்ததில் சில சமயம் கூலி பூஜ்யத்துக்கும் கீழே போய்விட்டதாகவும் முறையிட்டார். ஒப்பந்தத்தில் பெயரை மாற்றி வைத்திருப்பதால் மாத்திரம் இந்த வழக்கைக் கோர்ட்டுக்கு வராமல் தனி மத்தியஸ்தத்துக்குத் தள்ளிவிட முடியாதென்று 2019 ஜனவரியில் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிற்று. தேசம் வேறு, பாஷை வேறு. ஆனால் டிரைவரைக் கடனில் வைத்தால் வாயைத் திறக்கமாட்டான் என்ற தந்திரம் ஒன்றுதான்.

அப்படியானால் சேருவதற்கு முன் என்ன கேட்பது? நாம் நான்கு கேள்விகளைச் சொல்லுகின்றோம்.

முதலாவது, கூலி. மாதச் சம்பளமா, நடைக் கணக்கா, வாடகையில் பங்கா? லோடு இறக்க இரண்டு நாள் காத்துக் கிடந்தால் அந்த இரண்டு நாளைக்கு என்ன? இதை எழுத்தில் கேட்க வேண்டும். கூலியைப் பாங்கிக் கணக்கில் போடச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, நேரம். 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்றும், நெடுந்தூர வழிகளில் அனுமதியோடு மிஞ்சிப்போனால் நாளைக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி என்றும் வரம்பு கட்டிற்று. 2025 நவம்பரில் அச்சட்டத்தின் இடத்துக்குப் புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்பு வந்தபோதிலும் நாளைக்கு 8 மணி என்ற அடிப்படை போய்விடவில்லை. நாமக்கல்லிலிருந்து டெல்லி சுமார் 2,400 கிலோ மீட்டர். மணிக்குச் சராசரி 40 கிலோ மீட்டர் என்றால் 60 மணி ஓட்டம். நான்கு நாளில் போய்ச் சேர வேண்டுமென்றால் இரண்டு டிரைவருக்கு ஆளுக்கு நாளைக்கு ஏழரை மணியாகும். ஒருவனே ஓட்டினால் 15 மணியாகும். ஆகவே "வண்டிக்கு எத்தனை டிரைவர், எத்தனை நாள் கெடு?" என்ற கேள்வியிலேயே அந்தக் கம்பெனியின் யோக்கியதை வெளியாகிவிடும்.

மூன்றாவது, பாரம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றினால் அபராதம் 20,000 ரூபாய். அதற்குமேல் டன்னுக்கு 2,000 ரூபாய். ஐந்து டன் கூடினால் 30,000 ரூபாய். ஏற்றச் சொன்னவரோடு ஓட்டினவனையும் சட்டம் குற்றவாளியாக்குகின்றது. கூடுதல் வாடகை முதலாளிக்கு, கூடுதல் ஆபத்து டிரைவருக்கு என்பது என்ன நியாயம்? அபராதம் யாருடையது என்று முன்னமே பேசிக்கொள்ள வேண்டும்.

நான்காவது, அடிபட்டால் என்ன கதி என்பது. வேலையில் அடிபட்ட தொழிலாளிக்கு நஷ்டஈடு கொடுப்பது முதலாளியின் கடமை என்பது 1923ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் சட்டமாகிவிட்டது. ஆனால் வேலை செய்ததற்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லாதவனின் மனைவி அதை எப்படி ரூபிப்பாள்? 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கின்ற இடத்தில் பிராவிடண்டு பண்டு உண்டு. லாரிகளை மனைவி பேரில் நான்கு, மைத்துனன் பேரில் நான்கு என்று பிரித்து வைப்பது எதற்காக என்பதையும் இங்கே யோசித்துப் பாருங்கள்.

இவற்றுக்குப் பதிலைக் கம்பெனியின் ஆபீசில் மாத்திரம் கேட்டால் போதாது. அங்கே இப்போது வேலை செய்கிறவனைக் கேட்பதும் போதாது. அவன் முன்பணத்தில் இருக்கலாம். அந்தக் கம்பெனியை விட்டு விலகினவனைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். கணக்குத் தீர்த்துக் கொடுத்தார்களா என்பது அவனுக்குத்தான் தெரியும்.

இப்படிக் கேட்டால் வேலை கிடைக்காது என்று சிலர் சொல்லலாம். டிரைவர் கிடைக்கவில்லை என்று லாரி உரிமையாளர்கள்தாம் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டு வருகின்றார்கள். கிடைக்காத சரக்குக்கு விலை கேட்க ஏன் பயப்பட வேண்டும்? ஒற்றை லாரி வைத்திருப்பவர், தாமும் டிரைவராயிருந்தவர், தவணை கட்ட முடியாமல் தவிக்கின்றாரே என்றும் சொல்லலாம். அவர் கஷ்டம் உண்மைதான். ஆனால் அதைத் தீர்க்க வேண்டிய இடம் புக்கிங் ஆபீசின் வாடகை விகிதமே தவிர, டிரைவரின் தூக்கமல்ல.

நான்கு கேள்விக்கும் சரியான பதில் சொல்லும் கம்பெனி எல்லோருக்கும் கிடைத்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் சேர வேண்டியிருக்கும். ஆனால் தோழர்களே, எதை விட்டுக்கொடுத்தாலும் இரண்டை மாத்திரம் விட்டுக்கொடாதீர்கள். ஒன்று தூக்கம், மற்றொன்று விலகும் உரிமை. கடன் வாங்கித்தான் தீர வேண்டுமென்றால் வேலை கொடுக்காதவனிடம் வாங்குங்கள். வேலை கொடுப்பவனிடம் கூலியை வாங்குங்கள்.