மூன்று முகடுகள் துடிப்பு ஆகா

அண்மையில் ஒரு கருத்தரங்கில், செயல்மிகு விண்மீன் பேரடை ஒன்றின் எக்ஸ் கதிர் ஒளிர்வு வரைபடம் திரையில் தோன்றியது. மூன்று முகடுகள். ‘மையக் கருந்துளையின் இதயத்துடிப்பு’ என்றார் பேச்சாளர்; அரங்கம் கைதட்டியது. முதுகலையில் மொழியியல் பயின்று, இன்று காலத்தொடர்த் தரவுகளை ஆயும் எனக்கு முதலில் உறுத்தியது அந்தச் சொல்தான். துடிப்பு என்றால் அடுத்ததும் உரிய நேரத்தில் வரும் என்று பொருள். அந்த உறுதியை மூன்று முகடுகள் தருவதில்லை.

1980களில் எக்ஸோசாட் செயற்கைக்கோள் இத்தகைய பேரடைகளை நாள்கணக்கில் இடைவிடாது நோக்கியது. கருந்துளைக்கு மிக அருகே பிறக்கும் அக்கதிர்களின் ஏற்ற இறக்கத்துக்கு நிலையான கால இடைவெளி இல்லை. மெதுவான மாற்றங்களே வீச்சில் பெரியவை. இதனைச் சிவப்பு இரைச்சல் என்பர். இதே இரைச்சலைக் கணினியில் தற்போக்காக உருவாக்கினாலும் இரண்டு மூன்று அழகிய அலைகள் தாமே எழும். முன்பின் தொடர்பற்ற வெள்ளை இரைச்சலோடு மட்டும் ஒப்பிட்டுவிட்டு ‘இது தற்செயலன்று’ என அறிவிப்பது, எதிராளியே வராத வழக்கில் வென்றதாகப் பெருமை கொள்வது போன்றது.

உண்மையான காலமுறை கிடைத்தாலும் எச்சரிக்கை வேண்டும். என்ஜிசி 6814 பேரடையில் சுமார் 12,000 வினாடிக் காலமுறை இருப்பதாகச் சில ஆண்டுகள் நம்பப்பட்டது. அதை விளக்கக் கோட்பாடுகளும் எழுந்தன. 1993இல் ரோசாட் நோக்கீடுகள் உண்மையைக் காட்டின. துடித்தது பேரடையன்று, வானில் அதனருகே தெரியும், நம் பால்வழியைச் சேர்ந்த ஓர் இரட்டை விண்மீன்.

காலமுறையே இல்லை என நான் வாதிடவில்லை. ஆர்இ ஜே1034+396 பேரடையில் ஏறத்தாழ ஒரு மணி நேர அலைவு 2008இல் அறிவிக்கப்பட்டபோது 16 சுழற்சிகள் கையில் இருந்தன. 2018 நோக்கீட்டிலும் அது மீண்டும் தெரிந்தது. அங்கே அந்தச் சொல் உழைத்துப் பெறப்பட்டது.

மொழியியலும் இப்பாடத்தைக் கற்றதே. சொற்களின் நிகழ்வெண்ணில் ஸிப்ஃப் கண்ட ஒழுங்கு, விசைப்பலகையைத் தற்போக்காகத் தட்டினாலும் தோன்றும் என 1957இல் ஜார்ஜ் மில்லர் காட்டினார்.

ஆகவே நெறியாளர்களுக்கும் சக மாணவர்களுக்கும் ஒரு கோரிக்கை: ‘துடிப்பு’ என எழுதுமுன், எத்தனை சுழற்சிகள், எந்த இரைச்சலோடு ஒப்பீடு என்று எழுதுங்கள். கைதட்டலுக்காகக் கருந்துளைக்கு இதயம் பொருத்த வேண்டியதில்லை. இந்த இரைச்சலின் தன்மை எந்தக் கால அளவில் மாறுகிறது என்பது, கருந்துளையின் நிறையையும் அது பொருளை விழுங்கும் வீதத்தையும் பொறுத்தது என 2006இல் மெக்ஹார்டி குழுவினர் காட்டினர். ஒழுங்கின்மையே இவ்வளவு சொல்லும்போது, இல்லாத ஒழுங்கை நாம் ஏன் கற்பிக்க வேண்டும்?