கடவுளுக்கு 300 அடி வேலியா?

அமெரிக்காவில் அரிஜோனா மாகாணத்து யூமா நகரில், ஜே. சி. பென்னி கம்பெனியார் முன்பு கடை வைத்திருந்த கட்டிடத்தை 2007-ல் ஒரு கிறிஸ்தவ சபையார் வாங்கி, சர்ச்சாக்க அனுமதி கேட்டார்கள். நகர நிர்வாகம் மறுத்துவிட்டது. காரணம் என்ன? சர்ச்சுக்கு 300 அடிக்குள் புதிய மதுக்கடைக்கு லைசென்சு கூடாதென்பது அம்மாகாணச் சட்டமாம். சர்ச்சு வந்தால் அத்தெருவைக் கேளிக்கைத் தெருவாக்கும் திட்டம் கெட்டுவிடுமாம்!

மற்றச் சங்கங்களுக்குத் தனி அனுமதி வேண்டாம், மதச் சங்கத்துக்கு மாத்திரம் வேண்டும் என்பது அவ்வூர் விதி. 2000-ம் வருஷத்து மத்திய சட்டப்படி இந்தப் பாரபட்சம் செல்லாதென்று 2011-ல் அப்பீல் கோர்ட்டார் தீர்ப்பளித்தார்கள். நியாயமே. கும்பிடுகிறவன் என்பதற்காக ஒருவனை ஒதுக்குவதும் ஒருவிதத் தீண்டாமைதான்.

ஆனால் நாம் கேட்பது வேறு. அந்த 300 அடிச் சலுகை எதற்கு? பள்ளிக்கூடத்துக்கு அப்பாதுகாப்பு இருக்கட்டும், பிள்ளைகள் அறியாதவர்கள். சர்வ வல்லமையுள்ள கடவுளுக்குமா சாராய வாடையினின்று சர்க்கார் காவல்? மதத்துக்குக் கொடுத்த சலுகையே மதத்துக்குத் தடையாய் முடிந்ததை மதவாதிகள் யோசித்துப் பார்க்கட்டும்.

சலுகையும் வேண்டாம், தடையும் வேண்டாம். கடைக்கும் சங்கத்துக்கும் கோவிலுக்கும் ஒரே விதி வைத்தால் வழக்கேது? வக்கீல் பீஸ்தான் ஏது?