மட்கு உரம்: பிரிக்கும் கை யாருடையது, விளையும் மண் யாருடையது?

சென்னையின் மேற்குப் புறநகர் விளைநிலமாக இருந்து நகரமான பகுதி. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியின் 7ஆவது மண்டலமானது. ஆவடி 2019இல் மாநகராட்சியானது. பூந்தமல்லியைத் தாண்டி மேற்கே செல்லச் செல்லத்தான் இன்று வயல்கள் தென்படுகின்றன. இந்நகரங்களின் வீடுகளிலும் சந்தைகளிலும் நாள்தோறும் சேரும் காய்கறிக் கழிவு, அந்த வயல்களுக்குத் திரும்ப வேண்டிய சத்து. நுண்ணுர மையங்களில் அது மட்கு உரமாக்கப்படுகிறது. மண்வளத்தைப் பேணுவதற்கென்றே தமிழ்நாடு அரசு 2024-25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் 206 கோடி ரூபாயில் ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தை அறிவித்தது.

நோக்கத்தில் நமக்கு மாறுபாடு இல்லை. இந்த உரத்தை யார் எந்த நிலையில் உருவாக்குகிறார்கள், அது யாருடைய மண்ணை வளமாக்குகிறது என்ற இரண்டு கேள்விகளை அரசு கேட்பதில்லை என்பதே நம் விமர்சனம். அவ்விரண்டையும் தெளிவாகக் காட்டும் பயிர் கிழங்கு.

கிழங்கு கேட்கும் மண்

மரவள்ளி, சர்க்கரைவள்ளி, சேனை, சேம்பு ஆகியவற்றின் விளைச்சல் மண்ணுக்குள் நிகழ்கிறது. மண் இறுகினால் கிழங்கு பருக்காது, கோணலாகும். நீர் தேங்கினால் அழுகும். மட்கு உரம் களிமண்ணைப் பொலபொலப்பாக்குகிறது, மணற்பாங்கான மண்ணில் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. அதனால்தான் பாசன மரவள்ளிக்கு எக்டேருக்கு 25 டன் தொழு உரத்தைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. 1963இல் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்ட மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வுகளில், இயற்கை முறையில் வளர்த்த சேனை வழக்கமான முறையைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதல் விளைச்சல் தந்திருக்கிறது.

ஆனால் மட்கு உரம் மட்டும் போதும் என்பது மிகை. கிழங்குகள் சாம்பல் சத்தை மிகுதியாக உறிஞ்சுபவை. பாசன மரவள்ளிக்கு எக்டேருக்கு 90 கிலோ தழைச்சத்தும் 240 கிலோ சாம்பல் சத்தும் பரிந்துரைக்கப்படுகின்றன. உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி நகர்ப்புற மட்கு உரத்தில் இருக்க வேண்டிய குறைந்தபட்சத் தழைச்சத்து 0.8 விழுக்காடு, சாம்பல் சத்து 0.4 விழுக்காடு. அந்த அளவில் 10 டன் உரம் 80 கிலோ தழைச்சத்தைத் தரும். சாம்பல் சத்தோ 40 கிலோதான். குறைவதைச் சாம்பலாலோ பொட்டாஷ் உரத்தாலோ ஈடுசெய்யாமல் மட்கையே மேலும் மேலும் கொட்டினால் தழைச்சத்து மிகுந்து, இலை செழிக்கும், கிழங்கு சிறுக்கும்.

பிரிக்கும் கை

கிழங்கு நஞ்சையும் நேரடியாகச் சந்திக்கும் பயிர். ஈயம் கலந்த மண்ணில் கனிகளைவிட வேர், கிழங்கு வகைகளிலேயே மாசு அதிகம் சேரும். அதனால்தான் மட்கு உரத்தில் ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமையும் காட்மியம் 5 மில்லிகிராமையும் மீறக் கூடாது என்கிறது அதே ஆணை. மின்கலமும் வண்ணப்பூச்சு டப்பாவும் உணவுக் கழிவோடு கலந்து வந்தால் இந்த வரம்பைக் காப்பது கடினம். அத்திப்பட்டு, சேக்காடு போன்ற பழைய குப்பைமேடுகளைச் சலித்தெடுக்கும் மண்ணையும் ஆய்வின்றிக் கிழங்கு வயலில் இடக் கூடாது.

ஆக, உரத்தின் தரம் வீட்டு வாசலிலேயே முடிவாகிறது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தரம் பிரிப்பதைக் குடியிருப்போரின் கடமை ஆக்கின. அக்கடமை மீறப்படும் ஒவ்வொரு வீட்டின் வேலையும் தூய்மைப் பணியாளரின் கைக்குப் போகிறது. உடைந்த கண்ணாடியையும் ஊசியையும் பயன்படுத்திய நாப்கினையும் சோற்றிலிருந்து பிரிப்பவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். தன் கழிவைத் தானே தொடாமல் இன்னொருவர் கையில் விடலாம் என்ற துணிவைத் தருவது சோம்பல் அன்று, சாதி.

அந்தக் கைகளுக்குக் கிடைப்பது என்ன? அம்பத்தூர் மண்டலத்தின் குப்பை அகற்றும் பணி ஏற்கெனவே தனியார் ஒப்பந்தத்தில் உள்ளது. 5, 6ஆம் மண்டலங்களும் தனியாருக்கு அளிக்கப்பட்டதை எதிர்த்து 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன் அமர்ந்த பணியாளர்கள், 13ஆம் நாள் நள்ளிரவில் கைது செய்யப்பட்டார்கள். 2016இல் நடுவண் அரசு நகர்ப்புற மட்கு உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் சந்தை உதவி அறிவித்தபோதும், கணக்கில் இருந்தவர்கள் உற்பத்தி, விற்பனை நிறுவனங்களே. பிரித்த கைக்கு அதில் பங்கில்லை.

இப்போது கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 2,100 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் திட்டம் முன்வைக்கப்படுகிறது. அம்பத்தூரின் குப்பையும் சென்று சேர்ந்த இடம் அது. எரித்தால் மண்ணுக்குப் போக வேண்டிய தழைச்சத்தும் கரிமமும் புகையாகும்; அந்தப் புகை வடசென்னை உழைக்கும் மக்களின் நுரையீரலுக்குப் போகும்.

குத்தகை மண்ணுக்கு யார் எருவிடுவார்?

மட்கு உரத்தின் பயன் ஒரு பருவத்தில் முடிவதில்லை. அதிலுள்ள தழைச்சத்தில் ஒரு பகுதியே முதலாண்டில் பயிருக்குக் கிட்டும்; மீதி அடுத்தடுத்த ஆண்டுகளில் வெளிப்படும். மரவள்ளிக்கு மட்டுமே 9, 10 மாதங்கள் வேண்டும். வாய்மொழிக் குத்தகையில், அடுத்த ஆண்டு நிலம் கையில் இருக்குமா, வீட்டுமனையாகிவிடுமா என்று தெரியாத ஓர் உழவர் எதை நம்பி டன் கணக்கில் எருவிடுவார்? அவர் இட்ட வளம் நில உடைமையாளரின் சொத்தாகிறது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969லேயே இம்மாநிலத்தில் சட்டம் வந்துவிட்டது. வாய்மொழியாக உழுவோர் அதன் காப்புக்கு வெளியே நிற்கிறார்கள்.

இது புதிய கதை அன்று. இப்பகுதிகள் அடங்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில், மிராசு நிலங்களுக்கு எருச் சுமந்தவர்கள் பறையர்கள்; நிலம் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. அந்நிலையை 1891இல் ஆட்சியர் திரமென்ஹீர் அறிக்கையாக்கினார். அதன் தொடர்ச்சியாக 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்நிலங்கள் பெருமளவில் பறிபோயின. மீட்கக் கோரிய காரணைப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸும் ஏழுமலையும் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவின் சாகுபடிப் பரப்பில் பட்டியல் சாதியினரிடம் இருப்பது 9 விழுக்காட்டிற்கும் குறைவு. மண்வளத் திட்டங்களின் மானியம் நிலத்தின் வழியே செல்லும்போது, நிலமற்றவரைத் தாண்டியே செல்லும்.

நாம் கோர வேண்டியவை

தரம் பிரிக்காத வீடுகள், வணிக நிறுவனங்கள் மீது விதிப்படி நடவடிக்கை வேண்டும். அந்தச் சுமை பணியாளர்மேல் விழக் கூடாது. உரமாக்கும் பணி நிரந்தரப் பணியாக வேண்டும். ஒவ்வொரு நுண்ணுர மையமும் தன் உரத்தின் ஈயம், காட்மியம் அளவுகளைத் தமிழில் வெளியிட வேண்டும். உரத்தில் ஒரு பங்கைத் தலித் சிறு உழவர்களுக்கும் குத்தகைப் பெண்களின் குழுக்களுக்கும், நிலப் பட்டா கேட்காமல், வண்டிக் கூலியோடு வயலில் கொண்டு சேர்க்க வேண்டும். வாய்மொழிக் குத்தகைகள் பதிவாக வேண்டும். பஞ்சமி நிலங்கள் மீட்கப்பட வேண்டும்.

மாணவர்கள் இன்றே தொடங்கக்கூடிய வேலையும் உண்டு. தங்கள் நகராட்சியின் மையத்தில் எத்தனை டன் உரம் உருவானது, யாருக்குப் போனது, அங்கு உழைப்பவரின் கூலி என்ன என்பவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். கிடைக்கும் விடைகளை ஊர்க் கூட்டத்தில் வாசியுங்கள். எருச் சுமந்த தலைமுறைகளுக்கு மறுக்கப்பட்ட மண்ணைக் கேட்கும் போராட்டத்தில் அந்தக் கணக்கு நமக்குத் தேவைப்படும்.