பிக்கப் மாத்தப் போறீங்களா?

எலக்ட்ரிக் கிடார் வச்சிருக்கிற நம்மாளுங்க பிக்கப் மாத்தணும்னு கிளம்பினா முதல்ல பார்க்கிறது கிலோ ஓம் கணக்கைத்தான். எட்டை விடப் பதினாறு ஒசத்தியாம்! புடவை விலை மாதிரி :-)

என்னைக் கேட்டா அந்த எண்ணை நம்பி வாங்கவே கூடாது. அது சுருள்ல இருக்கிற கம்பியோட மின்தடை, அவ்வளவுதான். கம்பியை மெல்லிசாக்கினா அதே சுற்றுக்குத் தடை ஏறிடும். காந்தம் ஆல்நிகோவா செராமிக்கான்னு அது சொல்லாது. கிப்சன்ல சேத் லவர் 1955-ல உருவாக்கின ஹம்பக்கர் வகை பெரும்பாலும் 7, 8 கிலோ ஓம்தான். எரிக் கிளாப்டன் ஜான் மேயாலோட 1966 ஆல்பத்துல லெஸ் பாலை உறும விட்டாரே, அது மார்ஷல் ஆம்ப்பை முடுக்கினதால வந்த உறுமல்.

அதனால முதல்ல ஸ்க்ரூடிரைவரை எடுங்க. பிக்கப்பைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்க, ஏத்திப் பாருங்க. காசே இல்லாம பாதிப் பேருக்குத் திருப்தி வந்துடும். சவுண்ட் ரொம்ப மந்தம்னா வால்யூம் பாட்டைப் பாருங்க. ஹம்பக்கருக்கு வழக்கமா 500 கிலோ ஓம், சிங்கிள் காயிலுக்கு 250.

ஸ்ட்ராட்ல 'ஹம்ம்ம்'னு இரையுதா? அப்பத் தாராளமா மாத்துங்க. ஆனா இன்னொரு சாதா சிங்கிள் காயில் எவ்வளவு விலையானாலும் இரையத்தான் செய்யும். ரெண்டு சுருளை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கின வகையாக் கேட்டு வாங்குங்க.