பாட்டும் பெயரும்

தெல்தோட்டையிலே எம்மிடம் தமிழ் பயின்று, இப்பொழுது கண்டியில் உத்தியோகம் பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் 2024ஆம் ஆண்டின் இறுதியில் எம்மைக் காண வந்தார். இசையென்றால் ஊணுறக்கம் மறப்பவர் அவர். அவ்வாண்டு வெளிவந்தவற்றுள் தமக்கு மிக உவப்பாயிருந்த 'அல்பங்கள்' பத்து என ஒரு பட்டியல் எழுதிக் கொணர்ந்திருந்தார். அல்பம் என்ற சொல்லைக் கண்டதும் எமக்கு நகை வந்துவிட்டது. "அற்பமானவை பத்தைத்தானா தேடிப் பிடித்தீர்?" என்றோம். அவரும் சிரித்தார்.

சொல்லின் வரலாறு சுவையானதே. வெண்மை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்றும் பிறந்தது அது. எழுதப்படாத வெற்றேட்டை முதலிற் குறித்தது. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று அல்லது நான்கு நிமிடப் பாட்டே அடங்கும். ஆகவே பல தட்டுக்களை உறையிலிட்டு ஏடுபோற் கட்டி விற்றார்கள். அக்கட்டுக்கு அல்பம் என்று பெயராயிற்று. 1948இல் நீள்தட்டு வந்து, கட்டு ஒழிந்த பின்னரும் பெயர் ஒழியவில்லை. இன்று பலருக்குத் தட்டும் இல்லை; கைத்தொலைபேசி ஒன்றே போதும்.

பட்டியலிற் பெரும்பாலானவை திரைப்படப் பாடல்கள். 'மெய்யழகன்', 'அமரன்', 'லப்பர் பந்து', 'வாழை' என அவை நிரையாக நின்றன. கோவிந்த் வசந்தா இசையமைத்த 'மெய்யழகன்' பாடல்கள் எமக்கும் பிடித்தன. சொல் செவியில் விழுகின்றது, அஃதொன்றே இக்காலத்திற் பெருங்கொடை. ஏனையவற்றைப் பற்றி இங்கு விரிக்கவில்லை. முதலிடத்தில் அவர் வைத்திருந்ததோ திரைப்படம் சாராதவொன்று: 'வள்ளியம்மா பேராண்டி'. அறிவு என்னும் சொல்லிசைக் கலைஞர் 2024இல் வெளியிட்ட தொகுப்பு.

அப்பெயரைப் படித்ததும் யாம் நகைப்பதை நிறுத்தினோம். வள்ளியம்மாள் அறிவின் பாட்டியார். இலங்கைத் தோட்டத்தில் உழைத்தவர். சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பயனாகத் தமிழகம் சென்றவர். 1964ஆம் ஆண்டு ஒற்றோபர் 30ஆந் திகதி கைச்சாத்தான அவ்வொப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. எம்மூருக்கு அணித்தாகிய லூல்கந்துரத் தோட்டத்திலேதான் 1867இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் இந்நாட்டின் முதல் வணிகத் தேயிலையைப் பயிரிட்டார். அந்தச் செடியின் பின்னே வந்த சனங்களின் பேரப்பிள்ளை பாடுகிறார் என்றால் தெல்தோட்டையார் காதுகொடுத்துக் கேளாதிருத்தல் எங்ஙனம்?

இப்பாட்டியாரின் கதை 2021 மார்ச்சில் வெளிவந்த 'என்ஜாயி எஞ்சாமி'யால் உலகறிந்தது. அறிவும் பாடகி தீயும் பாட, சந்தோஷ் நாராயணன் தயாரித்தளித்த பாட்டு அது. தலைப்பில் ஓர் ஆங்கிலச் சொல்லும் 'என் சாமி' என்னும் பாட்டிமார் வாய்ச்சொல்லும் புணர்ந்து நிற்கின்றன. அப்புணர்ச்சிக்கு நன்னூலில் விதி தேடிக் களைத்துப்போனோம்; எனினும் காது ஏற்றுக்கொள்கின்றது. பாட்டு கோடிக்கணக்கானோரை எட்டியது. பிறகே பிணக்குத் தோன்றியது. அவ்வாண்டு ஓகஸ்டில் 'றோலிங் ஸ்டோன் இந்தியா' சஞ்சிகை தன் அட்டையில் தீயையும் வேறொரு கலைஞரையும் இட்டு இப்பாட்டையும் குறித்தது. அறிவின் படம் இல்லை. கண்டனம் எழுந்த பின்னரே அவருக்கும் ஓர் அட்டை கிடைத்தது. 2022 யூலை 28இல் சென்னையில் சதுரங்க ஒலிம்பியாட்டின் தொடக்க விழாவிலே இப்பாட்டு ஒலித்தது. மேடையில் அறிவு இல்லை. அதனையடுத்து, பாட்டைத் தாமே இயற்றி, மெட்டமைத்துப் பாடியதாக அவர் எழுதினார். மூவரும் கூடிச் செய்ததே என்று மற்றையோர் விடையிறுத்தனர். 2024 மார்ச்சில், அப்பாட்டினால் தமக்கு ஒரு சதமேனும் வந்ததில்லை எனச் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகக் கூறினார்.

இவ்வழக்கில் தீர்ப்புக் கூறுதல் எமது வேலையன்று. மெட்டு யாருடையது என்பதை அவர்கள் அறிவார்கள். எம்மை உறுத்துவது வேறு. நம் முன்னோர் பாட்டுக்குடையவன் பெயரைக் காப்பதில் எத்துணை விழிப்பாயிருந்தனர்! சம்பந்தர் பதிகத்தின் கடைப்பாட்டிலே தம் பெயரைப் பொறித்தார். கீர்த்தனைகாரர் முத்திரை வைத்தார்கள். குறுந்தொகை தொகுத்தவர்களோ, பெயர் அறியக்கிடையாதவிடத்துப் பாட்டிலுள்ள தொடரையே எடுத்துச் 'செம்புலப்பெயனீரார்' என்றும் 'அணிலாடு முன்றிலார்' என்றும் பெயர் சூட்டினர். பெயரிழந்த புலவனுக்கும் ஒரு பெயர் வேண்டுமென்று கருதிய பெருந்தகைமை அது.

மலையகத்துக்கு அப்பேறு வாய்க்கவில்லை. எம்மூர்ப் போப்பிட்டியிற் பிறந்த அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவரின் பெயர் நூல்களால் நிலைத்தது. மீனாட்சியம்மாள் நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்காகப் பாட்டுக்கட்டிக் கூட்டங்களிற் பாடி, அச்சிலும் இட்டார். அவர் பெயரும் தப்பியது. ஆனால் கொழுந்து கொய்த கையோடு தெம்மாங்கும், சாவு வீட்டில் ஒப்பாரியும் கட்டிய பெண்கள் எத்தனை ஆயிரம்! சி. வி. வேலுப்பிள்ளை மலைமலையாய் அலைந்து அப்பாடல்களைத் தொகுத்தமையால் சொல்லேனும் எஞ்சியது. கட்டியவள் யாரென்பது போயிற்று.

ஆதலின், பேரன் தன் தொகுப்புக்குப் பாட்டியின் பெயரையே இட்டமை எமக்குத் திருக்கடைக்காப்பாகவே பட்டது. குறை சொல்லாமலும் இருக்க முடியாது. சில இடங்களில் முழவொலி சொல்லை விழுங்குகின்றது; விழுங்கப்படும் சொற்களோ நல்ல சொற்கள். இதனைச் சொன்னபோது, "இரண்டாம் முறை கேளுங்கள், ஐயா" என்றார் மாணவர். கேட்டோம், சற்றுக் கூடுதலாக விளங்கியது.

அவரது பட்டியலில் இன்னொரு குறை கண்டோம். அல்பத்தின் பெயருக்கு எதிரே இசையமைப்பாளர் பெயர் இருந்தது. பாட்டெழுதியவர் பெயர் ஒன்றேனும் இல்லை. அக்கால இலங்கை வானொலி அறிவிப்பாளர் படத்தின் பெயரோடு, இயற்றியவர், இசையமைத்தவர், பாடியவர் என எல்லாரையும் சொல்லியன்றோ தட்டைச் சுழலவிடுவார்! அந்த ஒழுக்கத்தில் வளர்ந்த நாட்டில் இப்படியொரு பட்டியலா என்று கடிந்து, திருத்தி வரும்படி அனுப்பினோம்.

இரு வாரங்கள் கழித்து வந்தார். பத்துக்கும் பாடலாசிரியர் பெயர்கள் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. கீழே பதினோராவதாக ஒரு பெண்ணின் பெயர் மட்டும் இருந்தது. எதிரே அல்பம் எதுவும் இல்லை. யாரென்று கேட்டோம். தம் பாட்டியாரிடம், மலையிற் பாடிய பாட்டுக்களை யார் கட்டியதென விசாரித்தாராம். "எங்க லயத்துல பக்கத்துக் காம்பராக்காரி கட்டுனது. அவ அக்கரைக்குக் கப்பலேறிப் போயிட்டா" என்று சொல்லி, பெயரையும் சொன்னாராம் அம்மூதாட்டி.