மாத்துத் துணி

இந்தத் தடவை காஸ்ட் அக்கவுண்டிங்கும் இல்லை, சினிமாவும் இல்லை. ஐப்பசி மாசம் சென்னைக்குப் போறதுக்குப் பையில என்ன துணி வைக்கணும்ங்கிறதுதான் இன்னிக்கு மேட்டர். சிரிக்காதீங்க, சீரியஸாத்தான் சொல்றேன்.

போன வாரம் எங்க க்ளாஸ்ல ஒருத்தி இண்டர்ன்ஷிப் வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டா. சென்னையில ரெண்டு வாரம், ஆடிட்டர் ஆபீஸ், தங்குறதுக்கு லேடீஸ் ஹாஸ்டல். கிடைக்கிறதே கஷ்டம். ஏன்டின்னு கேட்டதுக்கு முதல்ல "வீட்டுல விடமாட்டாங்க"ன்னா. அவங்க அப்பாவை எனக்குத் தெரியும், தங்கமான மனுஷன், அவரே கொண்டுபோய் விட்டுட்டு வருவார். கேண்டீன்ல வச்சு மறுபடி கேட்டேன். டீ கிளாஸைப் பார்த்துக்கிட்டே, "வெளிய போட்டுட்டுப் போற மாதிரி மூணு செட்டுதான்டி இருக்கு. ரெண்டு வாரத்துக்கு எப்படிப் பத்தும்?"னா.

எனக்குப் பதில் சொல்லத் தெரியல. ஏன்னா போன வருஷம் இதே மாதிரி நான் போனப்போ என்கிட்ட ஒன்பது செட்டு இருந்துச்சு. பத்தல.

எங்க அம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பார்க்குறாங்க. தீபாவளிக்கு முன்பணம் வாங்கி எனக்கு நாலு சுடிதார் எடுத்துக் கொடுத்தாங்க. சித்தி பொண்ணுகிட்ட மூணு கடன். ஏற்கெனவே இருந்தது ரெண்டு. ஒரு ஜீன்ஸ், ஒரு டர்க்கி டவல், போர்வை. எல்லாத்தையும் ஒரு சக்கரம் ஆடுற டிராலியில அமுக்கி, மேல ஏறி உட்கார்ந்து ஜிப் போட்டோம். ரயில்வேக்காரங்க ஸ்லீப்பர்ல 40 கிலோ வரைக்கும் சும்மா கொண்டுபோக விடுறாங்க. ஆனா எழும்பூர்ல படிக்கட்டு ஏறி எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடிக்கும்போது அந்த 40 கிலோ சலுகை கூட வந்து தூக்காது.

மூணாவது நாள் மழை பிடிச்சுது. ஹாஸ்டல் வராண்டாக் கொடியில ஏற்கெனவே முப்பது பேரோட துணி. ஜீன்ஸ் நாலு நாள் காயவே இல்லை, அஞ்சாம் நாள் அதுக்குன்னு ஒரு வாசனை வந்துடுச்சு. சிவப்பு ஷால் சாயம் விட்டு வெள்ளை டாப்ஸ் ரோஸ் ஆயிடுச்சு. ஆறாம் நாள் கணக்குப் பார்த்தா அஞ்சு செட்டு ஈரம், ஒண்ணு சாயம், ரெண்டு அழுக்கு. மிச்சம் ஒண்ணு, அதுவும் ஜரிகை வச்ச தீபாவளி டிரெஸ். லெட்ஜர் டிக் பண்ற வேலைக்கு ஜரிகையோட போய் உட்கார்ந்தேன். :)

தப்பு எங்கேன்னு ஊருக்கு வந்தப்புறம்தான் புரிஞ்சுது. நம்ம கரிசக்காட்டுல சித்திரை வெயிலுக்கு, கடைசித் துணியைக் கொடியில போடும்போது முதல் துணி காஞ்சிருக்கும். அதனால "காயுறது"ங்கிற விஷயத்தை நாம யோசிச்சுப் பார்க்கிறதே கிடையாது. சென்னையில வருஷத்துக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை, அதுல பாதிக்கு மேல அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ளயே கொட்டிடும். நம்ம பக்கம் வருஷம் முழுக்கப் பெய்யறது ஏறக்குறைய அதுல பாதிதான். 2015 நவம்பர்ல சென்னையில அந்த ஒரே மாசத்துல 100 சென்டிமீட்டரைத் தாண்டுச்சு. அங்க மழை விட்டாலும் கடல் காத்துல ஈரம் விடாது.

காமர்ஸ் படிச்சதுக்கு ஒரு பிரயோஜனம் வேணாமா? இன்வென்டரி பாடத்துல லீட் டைம்னு ஒண்ணு படிச்சோமே, சரக்கு ஆர்டர் பண்ணி கைக்கு வந்து சேர எத்தனை நாள்னு. துணிக்கு லீட் டைம், துவைச்சுக் காஞ்சு மடிக்கிற வரைக்கும் ஆகுற நாள். நம்ம ஊர்ல அரை நாள். ஐப்பசிச் சென்னையில லேசான துணிக்கு ரெண்டு நாள். அப்போ உடம்புல ஒண்ணு, கொடியில ரெண்டு, அவசரத்துக்கு ஒண்ணு. மொத்தம் நாலு டாப்ஸ். ரெண்டு வாரமா இருந்தாலும் ரெண்டு மாசமா இருந்தாலும் அதே நாலுதான். நாள் கூடினா துணி கூடணும்னு நினைச்சதுதான் நான் பண்ணின தப்பு. என் தோழி பண்றதும் அதேதான். நான் ஒன்பது வச்சுக்கிட்டுத் திண்டாடினேன், அவ மூணைப் பார்த்துப் பயப்படுறா.

இன்னொண்ணு இந்த "செட்டு". கடையில சுடிதாரை டாப்ஸ், பேண்ட், ஷால்னு சேர்த்து ஒரே டிசைன்ல கொடுத்துடுறான். பச்சை டாப்ஸுக்குப் பச்சைப் பூ போட்ட பேண்ட். அதை வேற எதோடயும் போட முடியாது. மூணு செட்டுன்னா மூணே மூணு டிரெஸ்தான், பேண்ட் நனைஞ்சா டாப்ஸும் சும்மா கிடக்கும். அதுவே நாலு டாப்ஸ், ஒரு கறுப்பு பேண்ட், ஒரு கருநீல பேண்ட்னு இருந்தா நாலு இன்ட்டு ரெண்டு எட்டு. எல்லாத்துக்கும் ஒத்துப்போற மாதிரி ரெண்டு ஷால் இருந்தா பதினாறு. பூவோ கட்டமோ டாப்ஸ்ல மட்டும் இருக்கட்டும், கீழ போடுறது ப்ளெயினா இருக்கட்டும். பட்டியாலா மாதிரி அகலமான பேண்ட் வேண்டவே வேண்டாம், ரோட்டுல நிக்கிற தண்ணி முழங்கால் வரைக்கும் ஏறும்.

துணி ரகத்துல ஒரு சங்கடம் இருக்கு. நம்ம ஊர் பருத்தி ஊர். கருங்கண்ணிப் பருத்தி விளைஞ்ச மண். 1901-ல ஆரம்பிச்ச விவசாய ஆராய்ச்சி நிலையமே இங்க இருக்கு. எங்க வீட்டுலயும் தாத்தா காலம் வரைக்கும் மானாவாரியில பருத்திதான், இப்போ மக்காச்சோளம். அப்படிப்பட்ட ஊர்ல பிறந்துட்டு, மழைக்காலப் பயணத்துக்குத் தடிப்பான காட்டன் எடுக்காதீங்கன்னு சொல்ல வாய் வரல. ஆனா அதுதான் நிஜம். 65 சதவீதம் ஈரப்பதம் இருக்குற காத்துல பருத்தி தன் எடையில ஏறக்குறைய 8 சதவீதம் ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது. அதுக்காக முழு பாலியஸ்டர் போட்டா சென்னைப் புழுக்கத்துல வேர்த்து வழியும். பாதிக்குப் பாதி கலந்த மெல்லிசுத் துணிதான் சரி. காட்டன்தான் வேணும்னா கையை உள்ள விட்டா நிழல் தெரியுற அளவுக்கு மெல்லிசா எடுங்க, உள்ளே ஸ்லிப் போட்டுக்கலாம். டர்க்கி டவலுக்குப் பதிலா ஈரிழைத் துண்டு, ராத்திரி ஃபேனுக்குக் கீழ போட்டா காலையில காஞ்சிடும். அவசரம்னா பிழிஞ்ச டாப்ஸைக் காஞ்ச துண்டுக்குள்ள வச்சுச் சுருட்டி, மேல ஏறி மிதிங்க. பாதி ஈரம் துண்டுக்கு வந்துடும்.

இனி கொஞ்சம் வெளிப்படையா எழுதுறேன், பசங்க வேணும்னா அடுத்த பாராவுக்குப் போய்க்கலாம். போகாம இருந்தா இன்னும் நல்லது. குறைச்சு எடுங்கன்னு சொன்னதெல்லாம் வெளித்துணிக்கு மட்டும்தான். உள்ளாடையைக் குறைக்கவே கூடாது. பசங்க ஹாஸ்டல்ல ஜட்டி மொட்டைமாடிக் கொடியில கொடி மாதிரி பறக்கும். நாங்க எங்க உள்ளாடையைத் துண்டுக்கு அடியில ஒளிச்சு, ரூமுக்குள்ள, கட்டில் கம்பியில காயப்போடணும். வெயிலும் படாது, காத்தும் படாது. மேல் துணி ரெண்டு நாள்ல காஞ்சா இது மூணு நாள் ஆகும். பாதி காஞ்சதையே போட்டுட்டுப் போய் அரிப்பு, புண்ணுன்னு அவதிப்பட்டு, அதையும் வெளிய சொல்ல முடியாம இருக்குறவங்க எத்தனை பேர்னு ஹாஸ்டல்ல இருந்தவங்களுக்குத் தெரியும். அந்த ஒளிச்சு வைக்கிற பழக்கத்தை ஒரே நாள்ல மாத்த முடியாது. அதுவரைக்கும் ஏழு ஜோடி எடுத்துட்டுப் போங்க, பையில கைப்பிடி அளவு இடம்தான். மாதவிலக்கு தேதி அந்த ரெண்டு வாரத்துக்குள்ள வந்தா கூட ஒரு கறுப்பு பேண்ட். புது டிரெஸ்ஸுக்கு ஆகுற காசுல முதல்ல இதை வாங்குங்க.

இணையத்துல இதுக்கு "கேப்சூல் வார்ட்ரோப்"னு பேர் வச்சிருக்காங்க. 1970-கள்ல லண்டன்ல துணிக்கடை வச்சிருந்த சூசி ஃபாக்ஸ் பிரபலமாக்கின வார்த்தை. 1985-ல நியூயார்க்ல டோனா கரன் ஏழே ஏழு உருப்படியை வச்சு ஒரு கலெக்‌ஷன் போட்டாங்க. ஐடியா நல்ல ஐடியாதான். ஆனா "ஆட்டம்"னு தேடினா வர்ற லிஸ்ட்டைப் பாருங்க: டிரென்ச் கோட், கம்பளி ஸ்வெட்டர், கணுக்கால் பூட்ஸ். நம்ம பாடப் புஸ்தகமும் அதை அப்படியே "இலையுதிர் காலம்"னு மொழிபெயர்த்து வச்சிருக்கு. ஐப்பசி கார்த்திகைக்கு நம்மகிட்ட கூதிர்னு ஒரு பழைய பேரே இருக்கு. நம்ம ஊர்ல அப்போ எங்க இலை உதிருது? விதைச்ச உளுந்து முளைச்சு நிக்குற நேரம் அது.

அந்த கணுக்கால் பூட்ஸைப் போட்டுக்கிட்டு மழை பெஞ்ச கரிசல்ல பத்தடி நடந்து காட்டச் சொல்லணும். செருப்புக்கு அடியில இன்னொரு செருப்பு முளைச்ச மாதிரி மண் ஒட்டும், காலைத் தூக்கினா செருப்பு வராது, கால் மட்டும் வரும். எங்க ஊர்ல மழை நாள்னா செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் வெறுங்காலோட வந்து, அடிபம்புல காலைக் கழுவிட்டுத்தான் போட்டுக்குவோம். சென்னைக்கும் தண்ணி பட்டா துடைச்சுட்டுப் போற ரப்பர் செருப்பு, பின்னால வார் இருக்குறதா பார்த்து ஒண்ணு போதும். கேன்வாஸ் ஷூ ஜீன்ஸைவிட மோசம்.

எனக்கு எரிச்சல் வர்றது வேற ஒரு விஷயத்துக்கு. நாற்பது டிரெஸ் வச்சிருக்கிறவங்க பத்தைப் பொறுக்கி எடுத்தா அது எளிமை, அதுக்கு லைக். எங்க ஆச்சிகிட்ட ரெண்டே சேலை. உடுத்த ஒண்ணு, மாத்த ஒண்ணு. அதை யாரும் பாராட்டினதில்லை, இல்லாதவன்னுதான் சொன்னாங்க. காந்தி 1921 செப்டம்பர் 22-ல மதுரையில வச்சுத்தான் சட்டையை விட்டு அரையாடைக்கு மாறினார். மாத்துத் துணிக்கே வழியில்லாத ஜனங்களைப் பார்த்துட்டு எடுத்த முடிவு அது. பத்து வருஷம் கழிச்சு 1931-ல வட்டமேசை மாநாட்டுக்கு லண்டன் போனப்பவும், செப்டம்பர்ல இருந்து டிசம்பர் முதல் வாரம் வரைக்கும் அந்த ஊர்க் குளிர்ல அதே அரையாடைதான், மேல ஒரு சால்வை.

அவருக்கே சால்வை தேவைப்பட்டிருக்கு. நமக்கும் ஷால் இல்லாம ஆகாது. பையில எதை விட்டாலும் பெரிய காட்டன் ஷால் ஒண்ணை விடாதீங்க. நெல்லை எக்ஸ்பிரஸ்ல ராத்திரி அதுதான் போர்வை, தூறல்ல தலைக்கு, ஆபீஸ் ஏ.சி.யில தோளுக்கு, ஹாஸ்டல்ல கட்டிலுக்குத் திரை. நான் கொண்டுபோன நிஜப் போர்வையைப் பையில இருந்து எடுக்கவே இல்லை.

பை அடுக்குறதுக்கு ஒரு குறிப்பு. பை வேலை செய்யறது லிஃபோ முறையில, கடைசியா வச்சதுதான் முதல்ல வரும். அதனால ட்ரெயின்ல தேவைப்படுற ஷாலும் துண்டும் மேல. ஒரு முழு மாத்துத் துணியைப் பாலிதீன் கவர்ல கட்டி, பெரிய பையில வைக்காம கைப்பையில வைங்க. 2023 டிசம்பர் 17 ராத்திரி திருச்செந்தூர்ல இருந்து சென்னைக்குக் கிளம்பின செந்தூர் எக்ஸ்பிரஸ் வெள்ளத்துல ஸ்ரீவைகுண்டத்துல நின்னுபோச்சு, கடைசி ஆளுங்களை மீட்க 19-ம் தேதி ஆயிடுச்சு. அந்த மழைக்கு காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். மழையே இல்லைன்னு நாம சொல்லிக்கிற நம்ம மாவட்டம்தான் அது.

"திரும்பத் திரும்ப அதையே போட்டா ஆபீஸ்ல என்ன நினைப்பாங்க?" இதுதான் என் தோழியோட கடைசிக் கேள்வி. என் எதிர் சீட்ல ஒரு அக்கா இருந்தாங்க. ரெண்டு வாரமும் நாலே நாலு சுடிதாரை மாத்தி மாத்திப் போட்டாங்க. அது எனக்கு உறைச்சதே இந்தக் கேள்வியை அவ கேட்டப்போதான். அவங்க தப்புக் கண்டுபிடிச்ச என் வவுச்சர்கள் மட்டும் இன்னும் ஞாபகம் இருக்கு.

ஞாயித்துக்கிழமை அவ வீட்டுக்குப் போய் மூணு செட்டையும் கட்டில்ல பிரிச்சுப் போட்டோம். டாப்ஸ் மூணும் மெல்லிசு, நல்லாத்தான் இருக்கு. காலேஜுக்குப் போடுற பழைய நீலக் கட்டம் போட்டது நாலாவது. ப்ளெயின் பேண்ட் ஒண்ணு வீட்டுலயே இருந்துச்சு, கறுப்பு ஒண்ணு வாங்கணும், ஈரிழைத் துண்டு ஒண்ணு, அப்புறம் உள்ளாடை. மொத்தமா எழுநூறு ரூபாய்க்குள்ள முடியும்னு கணக்குப் போட்டோம். பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்த அவங்க அம்மா, "இதுக்காடி மூணு நாளா அழுதே?"ன்னாங்க. அப்புறம் உள்ளே போய், அவங்களோட கல்யாணத்து காட்டன் சால்வையை எடுத்துட்டு வந்து கட்டில்ல வச்சாங்க.

திங்கட்கிழமை அவளும் நானும் டிபார்ட்மென்ட்டுக்குப் போய் லெட்டரைத் திரும்பக் கேட்கப் போறோம். கொடுப்பாங்களான்னு தெரியல.